ஊர்ப் பள்ளிக்கே நியமனம் கிடைத்த புது ஆசிரியருக்கு: முதல் வருடத்தில் என்ன செய்யலாம்

யாழ்ப்பாணம் கோப்பாயில் தேசிய கல்வியியற் கல்லூரியை முடித்தோ, பட்டதாரி நியமனத்திலோ, உங்கள் ஊர்ப் பள்ளிக்கே ஆசிரியராக வந்திருக்கிறீர்கள். ஒழுங்கையில் போகும் பிள்ளைகளில் பாதிப்பேரை உங்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அவர்களுடைய அம்மாமாரில் சிலர் உங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இந்தப் பள்ளியில் சில பிள்ளைகள் மட்டும் எப்போதும் மேடையில் நிற்பதும், சில பிள்ளைகள் தரம் 9உடன் காணாமல் போவதும் உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. அதை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் மனதில் இருந்தால், எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வலிகாமத்தில் என் சொந்த ஊரிலும் அப்புறம் பக்கத்து ஊர்களிலும் 20 வருடத்துக்கு மேல் படிப்பித்தவள். வெளியில் இருந்து வந்த எத்தனையோ திட்டங்களைப் பார்த்துவிட்டேன். பதாகை கட்டுவார்கள், பயிற்சிப்பட்டறை வைப்பார்கள், காசு முடிந்ததும் போய்விடுவார்கள். நீங்கள் போகப் போவதில்லை. மாலையில் அதே கடையில்தான் பாண் வாங்கப் போகிறீர்கள். உங்கள் பலம் அதுதான். ஆனால் ஊர்க்காரராக இருப்பதில் ஒரு கெடுதலும் இருக்கிறது: எந்த வீடுகளைக் கவனிக்காமல் வளர்ந்தோமோ, அந்த வீட்டுப் பிள்ளைகளை வகுப்பிலும் கவனிக்காமல் விட்டுவிடுவோம். அதனால் முதல் வேலை கண்ணைப் பழக்குவது.

முதல் தவணை: எண்ணுங்கள்

முதல் தவணையில் எதையும் மாற்ற முயல வேண்டாம். ஒரு 80 பக்கக் கொப்பி வாங்குங்கள். வரவு இடாப்பை எடுத்து, உங்கள் வகுப்பில் யார் எந்த வாரம், எந்த நாளில் வரவில்லை என்று தனித்தனியாக எழுதுங்கள். மாத முடிவில் மொத்த வரவை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிழமை கிழமையாகப் பார்த்தால்தான் தெரியும்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள் வரமாட்டாள். "அவள் படிப்பில் அக்கறை இல்லாதவள்" என்று முந்திய வகுப்பாசிரியர் சொல்லியிருந்தார். நானும் நம்பினேன். கிழமைகளை எழுதிப் பார்த்தபோது அவள் வராத நாட்கள் எல்லாம் ஒரு காலத்தில் கூட்டமாக விழுந்தன. தோட்டங்களில் வெங்காயம் கிண்டும் நாட்கள். தாய் கூலிக்குப் போவார், இவள் மூன்று வயதுத் தம்பியைப் பார்ப்பாள். தம்பியைப் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த முன்பள்ளியில் சேர்த்தோம். மாதக் காசைச் சனசமூக நிலையம் பொறுப்பெடுத்தது. அடுத்த மாதத்தில் இருந்து அவள் வந்தாள். அக்கறை பற்றிய பேச்சும் அதோடு நின்றது.

அடுத்தது இருக்கை. வகுப்பறையைத் தாளில் கீறி, எந்த வாங்கில் யார் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று விடயம் போதும்: வீடு எவ்வளவு தூரம், பின்னேரம் ரியூசனுக்குப் போகிறதா, பெற்றோர் கடைசிக் கூட்டத்துக்கு வந்தார்களா. முன்வாங்கும் ரியூசனும் சேர்ந்தே இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். அப்புறம் ஒரு வாரம் முழுக்க, நீங்கள் கேள்வி கேட்டு யாரைப் பதில் சொல்ல எழுப்பினீர்கள் என்று கோடு போட்டு வாருங்கள். எனக்கு 34 பிள்ளைகள் இருந்த வகுப்பில் 9 பெயர்களுக்கு மட்டுமே கோடு விழுந்திருந்தது. அதைப் பார்த்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வேலைகளையும் எண்ணுங்கள். மொனிற்றர் யார், தமிழ்த்தினப் போட்டிக்கு யாருடைய பெயர் போகிறது, விருந்தாளி வந்தால் மாலை கொடுப்பது யார், மலசலகூடத்துக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோகச் சொல்வது யாரை. இந்தக் கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. இந்தக் கொப்பியில் எந்தப் பிள்ளைக்கும் பக்கத்தில் சாதியை எழுதக் கூடாது. உங்களுக்கு அது தெரியும், ஊருக்கும் தெரியும். தாளில் ஏறினால் அந்தத் தாள் ஒருநாள் பிழையான கைக்குப் போகும். எழுதாமலே எண்ணிக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும்.

வீடுகளுக்குப் போவது

இதற்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். முறைப்பாடு உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் போனால், நீங்கள் படலையைத் திறக்கும்போதே தாய்க்கு முகம் கறுத்துவிடும். அதனால் ஒழுங்கை ஒழுங்கையாக, வகுப்பில் உள்ள எல்லா வீட்டுக்கும் போங்கள். ஒரு பின்னேரத்தில் மூன்று வீடு போதும். ஒரு தவணையில் முடித்துவிடலாம்.

நேரம் பார்த்துப் போக வேண்டும். கடற்றொழில் செய்யும் வீடென்றால் வள்ளம் கரைக்கு வந்து, மீன் விற்று, வலை ஒதுக்கிய பிறகு. குருநகர், பாசையூர் பக்கம் ஞாயிறு பூசை முடிந்து வரும் நேரம் நல்ல நேரம். சீவல் தொழில் செய்பவர் காலையும் மாலையும் மரத்தில் நிற்பார், ஆகவே மத்தியானத்துக்குப் பிறகு. முஸ்லிம் வீடுகளுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் போக வேண்டாம். அவர்களில் பல குடும்பங்கள் 1990இல் வெளியேற்றப்பட்டு, பல வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்தவை. வலிகாமம் வடக்கில் இருந்து அதே 1990இல் இடம்பெயர்ந்து, முகாம்களிலும் உறவினர் காணிகளிலும் ஒரு தலைமுறையை வளர்த்த குடும்பங்களும் இருக்கின்றன. இப்படியான வீடுகளில் "உங்கட சொந்த ஊர் எது?" என்று தொடங்காதீர்கள். அவர்களே சொல்லும்போது கேளுங்கள்.

கொப்பியும் பேனையும் கையில் இருக்கக் கூடாது. "ஏன் பிள்ளை வரேல்லை?" என்று கேட்டால் பொய்தான் பதிலாக வரும், அந்தப் பொய்யை நாங்களே கேட்டு வாங்கியதாக முடியும். "பள்ளிக்கூடத்தைப் பற்றி வீட்டில என்ன கதைக்கிறவள்?" என்று கேட்டுப் பாருங்கள். சிறு மௌனத்துக்குப் பிறகு தாய் சொல்லத் தொடங்குவார்.

இருக்கத் தருவது பாயோ, வாங்கோ, கவிழ்த்து வைத்த பெட்டியோ, அதில் இருங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். இதைச் சின்ன விடயம் என்று நினைக்கும் வயதில் நீங்கள் இருக்கலாம். சில வீடுகளில் உங்களுக்குத் தேத்தண்ணி தர யோசிப்பார்கள், குடிப்பீர்களோ என்ற பயத்தில். சோடா வாங்கிவரப் பிள்ளையைக் கடைக்கு ஓட்டுவார்கள். அப்போது "சோடா வேண்டாம் அக்கா, தேத்தண்ணி போடுங்கோ" என்று நீங்களே கேளுங்கள். கோப்பையை முழுக்கக் குடித்து முடியுங்கள். அந்தப் பிள்ளை உங்கள் கையையும் கோப்பையையும் பார்த்துக்கொண்டே நிற்கும்.

ஆண் ஆசிரியர்கள் தனியாகப் பெண்கள் மட்டும் உள்ள வீட்டுக்குப் போக வேண்டாம். இன்னொரு ஆசிரியரையோ மாதர் சங்கத்து அம்மா ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்களுக்கு முன்னால் நடந்தது

இந்த வேலைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பரம்பரை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால் தனியாக நிற்பதுபோல் இருக்கும். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த அமைப்பில் முன்னால் நின்றவர்களில் பலர் ஆசிரியர்கள். அவர்களில் ஒருவரான ஹன்டி பேரின்பநாயகம் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்தவர், பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபர். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தது இந்தக் காங்கிரஸ்தான். பள்ளிகளில் அவர்கள் கேட்டது இரண்டு: சம ஆசனம், சம போசனம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைத் தரையில் இருத்திய காலம் அது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சம ஆசனம் கொடுக்க முன்வந்தபோது சில பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். வைத்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள், உறுதியாக நின்ற ஆசிரியர்களும் இந்த ஊர்க்காரர்கள்.

இப்போது தரையில் யாரும் இருப்பதில்லை. ஆனால் சம போசனம்? என்னுடைய பிழையைச் சொல்கிறேன்.

படிப்பிக்கத் தொடங்கி இரண்டாவது வருடம். வாணி விழாவில் எங்கள் வகுப்புக்கு ஒரு நாள் பூசை. யார் என்ன கொண்டுவருவது என்று பட்டியல் போட்டேன். பொங்கல், வடை, அவல், கடலை. ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "ரீச்சர், அம்மா சர்க்கரைப் பொங்கல் நல்லாச் செய்வா" என்றாள். நான் நிமிர்ந்தும் பார்க்காமல், "நீ பூ கொண்டு வா பிள்ளை" என்றேன். அவள் ஒரு பை நிறையச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் கொண்டுவந்தாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சில மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது தாய் அமைதியாகக் கேட்டார்: "ரீச்சர், எங்கட வீட்டுப் பொங்கலைச் சாமி சாப்பிடாதோ?"

நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் யோசிக்காமலே அப்படிச் சொன்னேன் என்பது இன்னும் மோசமல்லவா? முந்திய வருடங்களின் பட்டியல்களை விசாரித்துப் பார்த்தேன். அந்த ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு எப்போதும் பூ, வாழையிலை, கற்பூரம். ஒருமுறைகூடச் சமைத்த சாப்பாடு இல்லை.

அடுத்த வருடம் வீட்டுச் சமையலையே நிறுத்தினோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பிடி அரிசி கொண்டுவர வேண்டும். எல்லா அரிசியும் ஒரே பானையில். பள்ளி முற்றத்தில் மூன்று கல் வைத்து, சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்து தாய்மார் பொங்கினார்கள். அதிபரிடம் உண்மையான காரணத்தைச் சொன்னேன். ஆசிரியர் கூட்டத்தில் எல்லா வீட்டுக்கும் செலவு குறையும் என்றேன், அதுவும் உண்மைதான். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அன்று வரவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடம் அதில் ஒரு பிள்ளை அரிசியோடு வந்து நின்றது. சீட்டில் பெயர் விழுந்த ஐவரில் பூப் பிள்ளையின் தாயும் இருந்தார். அகப்பை அவர் கையில்தான் கடைசிவரை இருந்தது.

இரண்டாம் தவணை: ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்

காசு தேவைப்படாத, உங்கள் வகுப்புக்குள்ளேயே முடியக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். நான் புதியவர்களுக்குச் சொல்வது பால்மா ரின். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ரின்னுக்குள் போடுங்கள். கேள்வி கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசிக்க நேரம் கொடுத்து, ஒரு துண்டை எடுங்கள். பதில் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுச் சொல்லலாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ரின் ஒரு தண்டனைப் பெட்டி ஆகிவிடும். முதல் வாரம் முன்வாங்குப் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். மூன்றாம் வாரத்தில் பின்வாங்கில் இருந்து நீங்கள் ஒருநாளும் கேட்டிராத குரல் ஒன்று வரும்.

இருக்கையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றலாம். கண் பார்வை, காது கேட்டல் குறைந்த பிள்ளைகளை முன்னால் நிரந்தரமாக வையுங்கள். நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருந்தால் வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் நேரசூசியில் ஒரு வரி மாற்றினால் போதும்.

தரம் 5 படிப்பிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. புலமைப்பரிசில் மேலதிக வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். பஸ்ஸுக்குப் பிறகு முடியும் வகுப்பு, சைக்கிளில் வந்து ஏற்றிப்போக ஆள் உள்ள பிள்ளைகளுக்கான வகுப்பு. அதைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று பேசிப் பாருங்கள். "மிச்சத்தை ரியூசனில் பாருங்கோ" என்ற வசனத்தை வகுப்பறையில் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அதிபர், சக ஆசிரியர்கள்

அதிபரிடம் எண்ணிக்கையோடு போங்கள். "இந்தப் பள்ளியில் பாகுபாடு இருக்கு சேர்" என்றால் அவர் மறுப்பார், வேறு வழி அவருக்கு இல்லை. "சேர், தரம் 8இல் இந்த நாலு பிள்ளைகளும் போன மாதம் 11 நாள் வரேல்லை, நாலு பேரும் ஒரே ஒழுங்கை" என்றால் அவர் கதிரையில் நிமிர்ந்து இருப்பார். ஒரு யோசனையையும் சேர்த்துக்கொண்டு போங்கள். முடிவெடுத்தால் அது கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். வாய்ச்சொல்லாக விட்டால் அதிபர் மாறும்போது அதுவும் போய்விடும்.

அவரைத் தாண்டி நேரே வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகாதீர்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று ஐந்து வலயங்கள். எந்த வலயத்திலும் கதை ஒரே நாளில் பள்ளிக்குத் திரும்பி வந்துவிடும். ஆசிரிய ஆலோசகர் வகுப்புப் பார்க்க வரும் நாளில் உங்கள் ரின்னையும் கோட்டுத் தாளையும் காட்டுங்கள். பிள்ளைக்கு அடி, அவமானம், சாதிப் பெயர் சொல்லி ஏசுவது என்று வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அதிபர் அசையாவிட்டால் எழுத்தில் மேலே கொடுங்கள்.

நகரத்தில் இருந்து வரும் ஆசிரியர்களை எதிரியாகப் பார்க்காதீர்கள். நெடுந்தீவில் படிப்பிக்கும் ஒருவருக்குக் குறிகாட்டுவான் வரை பஸ், அப்புறம் கடல். காற்று எழும்பிய நாளில் குமுதினிப் படகின் வருகையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவருக்கு அந்த ஊர் வீடுகளைத் தெரியாமல் இருப்பது அவருடைய குற்றம் இல்லை. நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள்.

பெற்றோரும் காசும்

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் பதவிவழித் தலைவர் அதிபர். உறுப்பினர்களில் பெற்றோரும் இருக்க வேண்டும். கிழமை நாளில் மத்தியானம் கூட்டம் வைத்தால் அரச உத்தியோகத்தரும் கடைக்காரரும் வருவார்கள், நாட்கூலிக்குப் போகிறவர் வரமாட்டார். பிறகு "அந்தச் சனம் கூட்டத்துக்கு வராது" என்று சொல்லுவோம். ஒருமுறை ஞாயிறு பின்னேரம், அந்த ஒழுங்கையில் உள்ள வாசிகசாலையில் வைத்துப் பாருங்கள். பள்ளி மண்டபத்தில் கடைசி வரிசையில் வாயே திறக்காதவர், தன் வாசிகசாலையில் எழுந்து நின்று கேள்வி கேட்பார்.

சங்கக் காசு கட்டாத பிள்ளைகளின் பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசிக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், நீங்கள் நிறுத்த முயல வேண்டிய முதல் வழக்கம் அது.

கனடாவில், லண்டனில் உள்ள பழைய மாணவர்கள் காசு தரத் தயாராக இருப்பார்கள். வளைவும் மதிலும் கட்டத்தான் பெரும்பாலும் கேட்கிறோம், அதனால் அதையே தருகிறார்கள். மூக்குக்கண்ணாடி, பஸ் காசு, பெரிய பிள்ளைகளுக்கு மாதவிடாய்த் துணி, காலைச் சாப்பாடு என்று விலையோடு பட்டியல் அனுப்பிக் கேளுங்கள். காசு சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், பற்றுச்சீட்டு போக வேண்டும். உங்கள் சொந்தக் கணக்குக்கு ஒரு சதமும் வரக் கூடாது. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஊர் ஒரு வாரத்தில் கதை கட்டிவிடும், அதோடு வேலையும் நின்றுவிடும்.

கையில் இருக்க வேண்டிய சட்டங்கள்

சண்டைக்கு இல்லை, தேவைப்படும்போது அமைதியாகச் சொல்ல. இலவசக் கல்வி 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியில் வந்தது. பாடநூல் 1980இல் இருந்தும் சீருடை 1993இல் இருந்தும் இலவசம். கட்டாயக் கல்வி வயது 2016இல் இருந்து 5 முதல் 16 வரை, ஆகவே தரம் 9இல் நின்ற பிள்ளையைத் தேடிப் போக உங்களுக்கு உரிமையும் கடமையும் உண்டு. பள்ளியில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இல் இருந்தே சுற்றறிக்கையில் சொல்லி வருகிறது. சாதியைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேரவிடாமல் தடுப்பது 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சாதாரண தரத்தில் தவறிய பிள்ளைக்கும் உயர்தரத்தில் தொழிற்பாடப் பிரிவு இருக்கிறது. 13 வருட உத்தரவாதக் கல்வி என்ற பெயரில் 2017இல் தொடங்கியது. எல்லாப் பள்ளியிலும் இல்லை, உங்கள் வலயத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பிள்ளையை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று ஒரு பிள்ளையை வாசலில் திருப்பாதீர்கள். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் அதற்கு வழி செய்யலாம்.

உங்கள் வீட்டிலும் கேள்வி வரும்

முதல் எதிர்ப்பு பள்ளியில் வராது. "எங்கை தேத்தண்ணி குடிச்சனி?" என்று உங்கள் அம்மாவே கேட்கலாம். என்னுடைய அம்மா கேட்டார். "பிள்ளையளின்ர வீட்டிலதான் அம்மா" என்றேன். சில நாள் என்னோடு கதைக்கவில்லை. அம்மாவோடு வாதாட வேண்டாம், போவதை நிறுத்தவும் வேண்டாம். இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று பரீட்சை முடிவு சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா குசினிக்குள் போய், எங்கள் எல்லோருக்கும் எடுக்கும் அதே கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இன்னொரு கேள்வியும் வரும், அது நியாயமான கேள்வி: "ரீச்சர், உங்கட பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்?" ஊர்ப் பள்ளியில் படிப்பித்துக்கொண்டு சொந்தப் பிள்ளையை நகரத்துப் பெரிய பள்ளிக்கு வானில் அனுப்புகிறவர்கள் எங்களில் நிறையப் பேர். நான் என் மகளைத் தரம் 5 வரை நான் படிப்பித்த பள்ளியிலேயே வைத்திருந்தேன். உயர்தரம் விஞ்ஞானப் பிரிவு அங்கே இல்லை, பிறகு மாற்ற வேண்டி வந்தது. ஆனால் அந்த ஐந்து வருடமும் பெற்றோர் கூட்டத்தில் நானும் ஒரு தாயாக வாங்கில் இருந்தேன். அந்த வாங்கில் இருந்து பார்த்தால் பள்ளி வேறு மாதிரித் தெரியும்.

வருட முடிவில்

மூன்றாம் தவணை முடியும் முன் அதே எண்ணிக்கைகளைத் திரும்ப எடுங்கள். கிழமை வரவு, இருக்கை, கேள்விக் கோடு, வேலைகள், கூட்டத்துக்கு வந்த பெற்றோர். ஏதோ ஒன்று மாறியிருக்கும், ஏதோ ஒன்று மாறாமல் இருக்கும். மாறாததை அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

இடமாற்றம் ஒருநாள் வரும். அப்போது கொப்பியைப் பூட்டி வைக்காமல், பிள்ளைகளின் சொந்த விடயங்கள் உள்ள பக்கங்களை மட்டும் கிழித்துவிட்டு, அடுத்து வரும் ஆசிரியரிடம் கையில் கொடுங்கள். எந்த மாதம் எந்த ஒழுங்கையில் வரவு குறையும், வாசிகசாலைத் திறப்பு யாரிடம், கடைசிப் பஸ் எத்தனை மணி, பொங்கல் பானை எந்த அலுமாரியில். எந்தப் படலைக்குள் போகுமுன் நாயைக் கட்டச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள்.